நாலாவது நகர்வில் குதிரை தானம்

ஜூன் 2, ஞாயிறு

இன்று ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு மூன்று பேரைத் தோற்கடித்தேன். மூன்றும் செல்போனில் ஆடிய ஆட்டங்கள். கடைசியாக ஆடியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. என் குதிரையை வெட்டிய கையோடு விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ராஜா நடுத்தெருவில் தனியாக நின்றது. அதற்கப்புறம் பொம்மை எதுவும் வரவில்லை.

இந்த ஆட்டம் பற்றி ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். எழுதினால்தான் எனக்குத் தெளியும். இரண்டு பக்கமும் நடுச் சிப்பாயை நகர்த்தி, ஆளுக்கு இரண்டு குதிரைகளை வெளியே கொண்டுவருகிறோம். நாலு குதிரைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். இதற்கப்புறம் மரியாதைப்பட்டவர்கள் பிஷப்பை எடுத்து வைப்பார்கள். நான் நாலாவது நகர்விலேயே குதிரையால் எதிராளியின் நடுச் சிப்பாயை வெட்டுகிறேன். அந்தச் சிப்பாய்க்கு அவர்களின் குதிரை காவல் இருக்கிறது. உடனே என் குதிரை போய்விடும். கணக்குப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதற்கப்புறம் என் நடுச் சிப்பாய்கள் இரண்டும் அவர்களின் குதிரைகளைப் பலகை முழுக்க விரட்டும். அவை ஓடுகிற நேரமெல்லாம் என் நேரம்.

புத்தகம் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெளிநாட்டில் பேய் வேஷம் போடுகிற பண்டிகையின் பெயரை வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் டென்சில் இதற்கு 'ஃப்ரீ குதிரை' என்று பெயர் வைத்திருக்கிறார். நான் குதிரை தானம் என்கிறேன்.

ஜூலை முதல் வாரம் மாவட்டப் பெண்கள் போட்டி. முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். நான் வருஷா வருஷம் மூன்றாவதாக வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவள். ஒவ்வொரு தடவையும் குறுக்கே நின்றது ஒரே ஆள், டென்சிலின் அக்கா பெனடிக்டா மைனி. இந்த வருஷம் மைனியைத் தாண்டுகிறேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜூன் 5, புதன்

காலையில் லேபில் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களைக் காக்க வைத்தால் கோபம் தலைக்கேறும். அதனால் வேகமாக ரத்தம் எடுக்கிறேன். பஸ் மாறிப் போக வேண்டியிருப்பதால் விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கிறது. பழைய வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன்.

லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஆள் ஆறடி. 'எடும்மா, எனக்கென்ன பயம்' என்று கையை நீட்டினார். ஊசி தோலைத் தொடப்போகிற நேரத்தில் கை தானாக உள்ளே போய்விட்டது. அவருக்கே சிரிப்பு. ஆள் சம்மதித்துவிடுகிறான், கை சம்மதிப்பதில்லை. இதைத் தினமும் பார்க்கிறேன். இன்றுதான் இதில் என் குதிரைக்கும் ஒரு சேதி இருப்பது உறைத்தது. விரட்டப்படுகிற காயை மனுஷக் கை எடுத்துக்கொண்டு ஓடத்தான் பார்க்கும். என் தானத்தின் பலமே அதுதான். எதிராளியின் புத்தியோடு நான் ஆடவில்லை, கையோடு ஆடுகிறேன்.

ஜூன் 6, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. ஓட்டல் இட்லி. இரண்டு ஆட்டம், இரண்டும் ஜெயம்.

ஜூன் 9, ஞாயிறு

டென்சில் வழக்கம்போல மீன் வாங்கிக்கொண்டு மைனி வீட்டுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. போன வருஷப் போட்டிக்கு அப்புறம் நான் அங்கே போவதில்லை, மைனியும் நானும் பேசுவதும் இல்லை. மைனியோடு ஒன்றாக இருந்த அந்த வீட்டை விட்டு நாங்கள் மில்லர்புரம் வந்தது காற்றோட்டத்துக்காக. சண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சண்டை இதுதான். போன வருஷம் கடைசிச் சுற்றில் மைனிக்கும் எனக்கும் ஆட்டம். எனக்கு நல்ல நிலைமை. என் யானை கட்டத்தின் ஓரமாகக் கோணலாக நின்றது. எனக்குக் கோணலாக எதையும் பார்க்க முடியாது. விரலால் நேராக்கி வைத்தேன். நேராக்குவதற்கு முன்னால் 'சரி பண்றேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் தொட்ட காயைத்தான் ஆட வேண்டும். அது சட்டம். நான் சொல்லவில்லை. மைனி கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். யானையை நகர்த்த வேண்டியதாயிற்று, ஆட்டம் போயிற்று.

வாசலில் வைத்து நான் கேட்டேன், ஒரே பானையில் சோறு தின்கிறவளிடமா சட்டம் பேசுவது என்று. மைனி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பானை வேற, போர்டு வேற."

கணக்கு டீச்சர் வேறு எப்படிப் பேசுவார்? அந்த வீட்டில் செஸ் தெரியாமல் வாழ்க்கைப்பட்டவள் நான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே பலகையை விரிப்பார்கள். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். கல்யாணமாகி முதல் வருஷம் முழுக்க நான்தான் கழுவினேன். எனக்காக மைனி ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்ததில்லை. எப்படித் தோற்றேன் என்று மட்டும், நான் கழுவக் கழுவப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார்.

டென்சில் சாயங்காலம் திரும்பி வந்தார். ஜன்னலில் இருந்த மரக் குதிரைக் காயைக் கையில் எடுத்து, காது உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இது எங்க வீட்டுக் குதிரைல்லா?" என்றார். வீடு மாற்றும்போது சாமானோடு வந்திருக்கும் என்றேன். ஒரு குதிரை மட்டும் எப்படித் தனியாக வரும் என்று அவர் கேட்கவில்லை. கெட்டிக்கார மனுஷன்.

ஜூன் 12, புதன்

சாளை மீன் குழம்பு. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. குழம்பு நன்றாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

கிளப்பில் கொரைரா சாரோடு ஆடினேன். கஸ்டம்ஸில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலாவது நகர்வில் குதிரையைக் கொடுத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, தூக்கம் வருதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு எனக்குப் பிடிக்கும். சிரிக்கிறவன் யோசிப்பதில்லை.

சாரின் குதிரைகள் ஓட ஆரம்பித்தன. ஒன்று ஓரத்துக்குப் போயிற்று, இன்னொன்று புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. என் சிப்பாய் அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பிஷப்புகள் வெளியே வர வழியில்லை. டீ வருவதற்குள் அவர் ராஜா மாட்டிக்கொண்டது. 'இது செஸ்ஸே இல்ல' என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் போய்விட்டார். அந்த டீயையும் நான்தான் குடித்தேன்.

ஜூன் 20, வியாழன்

மதியம் லேபில் ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் என் ஆட்டத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் எதிராளிக்கு எது நல்ல பதில் என்று பார்த்தேன். ஆறாவது நகர்வில் அது ஒன்றைக் காட்டியது. நம்பாமல் மறுபடி ஓடவிட்டேன். அதையேதான் காட்டியது.

நிலைமை இப்படி. அவர்கள் என் குதிரையை வெட்டிவிட்டார்கள். என் சிப்பாய் ஏறி அவர்களின் குதிரையைத் தாக்கும். அது பின்வாங்கும். என் சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் ஏறி மறுபடி தாக்கும். இந்த இடத்தில் எல்லாரும் குதிரையை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கம்ப்யூட்டர், ஓடாதே என்கிறது. குதிரை நின்ற இடத்திலேயே நிற்கட்டும், வெட்டினால் வெட்டட்டும். நீ பாட்டுக்குப் பிஷப்பை வெளியே கொண்டுவந்து என் பக்கம் குறிவைத்து நிறுத்து. அவ்வளவுதான். நான் குதிரையை வெட்டுவேன், அவர்கள் என் நடுச் சிப்பாயைக் கொண்டுபோவார்கள். அதற்கப்புறம் விரட்ட என்னிடம் எதுவும் இருக்காது. வாங்கின தானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என் ஆட்டம் செத்தது.

கொஞ்ச நேரம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாகக் கட்டின வீட்டில் ஒரு செங்கல்லை உருவினால் எல்லாம் விழுந்துவிடும் என்றால் யாருக்கும் பயம் வரும்.

அப்புறம் ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதுவும் மைனிக்கா? பிஸ்கட் வந்த டப்பா, புடவை வந்த பெட்டி, பார்சல் கட்டி வந்த நூல் வரைக்கும் எடுத்து வைக்கிற ஆள். கையில் கிடைத்த குதிரையை விடவே மாட்டார். மாற்றம் எதுவும் இல்லை. குதிரை தானம்தான்.

ஜூன் 23, ஞாயிறு

டென்சில் மைனி வீட்டிலிருந்து வந்ததிலிருந்து ஒரு மாதிரி இருந்தார். கேட்காமலேயே பால் வாங்கிவந்தார். துணி மடித்தார். என்ன தப்பு பண்ணியிருக்கிறார் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

மைனி, 'ஜெனிட்டா என்ன பண்ணுதா' என்று விசாரித்தாராம். விசாரித்ததே சந்தோஷம் என்று இவர் உளறிவிட்டிருக்கிறார். "ஃப்ரீயா குதிரையைக் கொடுத்து ஆடிக்கிட்டு இருக்கான்னு சிரிப்பாத்தான் சொன்னேன். எத்தனாவது மூவ்னு கேட்டா. நாலுன்னேன்." இவருக்குத் தெரிந்த ஒரே செஸ் சங்கதி அதுதான். அதைக் கொண்டுபோய் சரியான இடத்தில் கொடுத்திருக்கிறார். செஸ் வீட்டில் பிறந்து சிப்பாய் எப்படி வெட்டும் என்று தெரியாத ஒரே ஆள் இவர். இரண்டு பக்கமும் இவரைத்தான் நகர்த்துகிறோம் என்பதும் தெரியாது.

நான் கத்தவில்லை. மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் அவருக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று.

மைனி கேட்டாராமே, ஜெனிட்டா என்ன பண்ணுகிறாள் என்று. என் பெயரைச் சொல்லியா கேட்டார் என்று டென்சிலிடம் இரண்டு தடவை விசாரித்தேன். உத்தியை முடிவு பண்ணத்தான் விசாரித்தேன்.

ஜூன் 27, வியாழன்

மைனிக்குத் தெரிந்துவிட்டது. மைனி கணக்கு டீச்சர். உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பிஷப் நகர்வைக் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார். கண்டுபிடிக்கட்டும். ஊசி வரப்போகிறது என்று தெரிந்துதான் எல்லாரும் கையை நீட்டுகிறார்கள். தெரிந்தும் இழுக்கத்தானே செய்கிறார்கள்?

ஜூலை 3, புதன்

பார்த்தால் இருபது வயதைத் தாண்டாத பெண் ஒருத்தி ரத்தம் கொடுக்க வந்தாள். கையை நீட்டினாள், நான் குத்தினேன், அவள் இழுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஜூலை 6, சனி

முதல் நாள். மூன்று சுற்று, மூன்றிலும் ஜெயம். இரண்டில் குதிரை தானம் தேவைப்படவே இல்லை.

பழைய ஹால்தான், ஆனால் புதுசாக ஏசி போட்டுவிட்டார்கள். காற்றாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஜன்னலையும் அடைத்துவிட்டார்கள். குளிர் எலும்புக்குள் போகிறது. நான் சால்வை கொண்டுபோனது நல்லதாயிற்று. டென்சிலின் பழைய சால்வை, மீன் வாடை கொஞ்சம் அடிக்கும். எதிரே உட்கார்ந்தவர்களுக்கு அது ஒரு கூடுதல் தொந்தரவு.

மைனியும் மூன்று ஜெயம். நாலு பலகை தள்ளி உட்கார்ந்திருந்தார். நரைத்திருக்கிறார். ஒரு வருஷத்தில் இவ்வளவு நரைக்குமா? சாயம் பூசுவதை விட்டுவிட்டார் போல. கேட்க முடியாது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நாலாம் சுற்றில் அனிஷா என்கிற கல்லூரிப் பெண்ணிடம் தோற்றேன். அவள் எல்லாரையும் அடித்துவிட்டு முதலிடத்தைப் பிடித்துவிட்டாள். நாலாம் சுற்றில் ஜெயித்த மைனியும் ஐந்தாம் சுற்றில் அவளிடம் தோற்றார். அந்தச் சுற்றில் நான் ஜெயித்தேன். ஆக, மிச்சமிருக்கிற ஓர் இடத்துக்கு நானும் மைனியும் சமம். கடைசிச் சுற்றில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். சமன் ஆனால் இடம் மைனிக்கு. அவர் ஜெயித்தவர்கள் நான் ஜெயித்தவர்களைவிடப் பலமானவர்கள். நான் ஜெயித்தே ஆக வேண்டும். வெள்ளை எனக்கு.

கை கொடுத்தோம். போட்டியில் கட்டாயம் என்பதால் கொடுத்தோம். மைனியின் கை ஐஸ் மாதிரி இருந்தது.

மைனி எத்தனையோ வருஷமாக ஆடுகிற அதே ஆட்டம்தான். சிப்பாய், குதிரை, குதிரை. வேறு மாதிரி ஆடி என்னைத் தடுத்திருக்கலாம். தெரிந்தே வந்தார். நாலாவது நகர்வில் நான் குதிரையைக் கொடுத்தேன். யோசிக்காமல் வெட்டினார். என் சிப்பாய் தாக்கியது. அவர் குதிரை பின்வாங்கியது. என் சிப்பாய் மறுபடி ஏறித் தாக்கியது. அந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

மைனி ரொம்ப நேரம் யோசித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டார். கணக்குக்கு விடை தெரிந்துவிட்டால் அவர் அப்படித்தான் செய்வார். கண்டுபிடித்துவிட்டார். பிஷப் வரப்போகிறது.

கை வந்தது. நேராகக் குதிரைக்குப் போயிற்று. கட்டைவிரலும் நடுவிரலும் குதிரையின் கழுத்தைப் பிடித்தன, பிடித்த அதே வேகத்தில் விட்டன. கை மேலே எழும்பி, பிஷப்பின் மேல் போய் அந்தரத்தில் நின்றது.

அந்த நேரம் நான் மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையைப் பார்க்கவில்லை. நடுவர் அந்தக் கோடியில் யாருக்கோ தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

கை அங்கேயே நின்றது. நான் மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தொட்டுட்டேன்," என்றார் மைனி.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"நான் பாக்கல மைனி. நீங்க ஆடுங்க," என்றேன்.

"நான் பாத்தேன்ல."

பிஷப்பின் மேலிருந்த கையை இறக்கி, குதிரையை எடுத்து நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினார். குதிரை ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் நான் மனப்பாடமாக ஆட வேண்டியதுதான். ஒரு குதிரை ஓரத்துக்குப் போயிற்று, இன்னொன்று லாயத்துக்கே திரும்பிற்று. என் சிப்பாய் வாசற்படியில் உட்கார்ந்தது. மைனி கடைசிவரை போராடினார். மற்றவர்கள் எல்லாம் எழுந்து போன பிறகும் ஆடினார். அப்புறம் ராஜாவைப் படுக்க வைக்காமல், நேராக நிறுத்தியபடியே கையை நீட்டினார். "நல்லா ஆடுன," என்றார். தாளில் கையெழுத்துப் போட்டார். எழுத்து எப்போதும்போல அச்சு மாதிரி இருந்தது.

நான் மாநிலப் போட்டிக்குப் போகிறேன்.

ஜூலை 8, திங்கள்

லேபில் கேக் வெட்டினார்கள். ஜெயித்தது ஜெயித்ததுதான். சட்டப்படி ஜெயித்தேன்.

சந்தோஷமாக இல்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

காலையிலிருந்து ஒன்றே மண்டைக்குள் ஓடுகிறது. எல்லாரும் கையை இழுக்கிறார்கள் என்று நான் சொன்னது சரிதான். மைனியின் கையும் இழுத்தது. என் கணக்கு தப்பவில்லை. ஆனால் தன் கையைத் தானே காட்டிக்கொடுக்கிற ஆள் ஒருவர் இருப்பார் என்பது என் கணக்கில் இல்லை.

போன வருஷம் நான் தொட்ட யானை, இந்த வருஷம் அவர் தொட்ட குதிரை. எனக்கு ஒரு சட்டம் தனக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. இதற்கு மேல் எழுதினால் நான் ஒரு வருஷமாகப் பஸ் மாறிப் போனதற்குக் காரணம் சொல்ல வேண்டி வரும். வேலை இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

டென்சில் மட்டும் போனார். நான் துணி துவைத்தேன். ஏற்கெனவே துவைத்த துணி.

வந்ததும், "அக்கா ஒத்தையா போர்டை விரிச்சு உக்காந்திருக்கா. ஒரு குதிரைக்குப் பதிலா தைல டப்பாவ வச்சிருக்கா," என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார். எந்தப் பக்கத்துக் குதிரை என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். வெள்ளை என்றார். புதுப் பலகை வாங்கிக்கொள்ளத் தெரியாதா ஒரு டீச்சருக்கு?

ஜூலை 19, வெள்ளி

மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. கறுப்பில் ஆட எனக்கு இன்னும் பலம் போதாது. பழக நல்ல ஆள் வேண்டும். கொரைரா சார் என்னைக் கண்டாலே டீக்கடைப் பக்கம் போய்விடுகிறார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் நல்ல ஆள் ஒருவர்தான் இருக்கிறார். ஆக, இது முழுக்க முழுக்கப் பயிற்சி சம்பந்தப்பட்ட விஷயம்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயிலில் கொடியேறிவிட்டது. கூட்டத்தில் நாலு வரிசை முன்னால் மைனி நின்றார். நரை வெயிலில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

போனேன்.

டென்சில் மீன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் கைப்பையில் கையை விட்டுக்கொண்டே போனேன். மைனி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "வா," என்று மட்டும் சொல்லிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னால் போய் வெங்காயம் உரித்தேன். கத்தி பழைய இடத்தில்தான் இருந்தது. சமைத்தோம், சாப்பிட்டோம். திருவிழாக் கடைகளைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் டென்சில் ஒரு ஆளாகவே மூன்று பேருக்குமாகப் பேசினார்.

சாப்பாடு முடிந்ததும் மைனி மேசையைத் துடைத்துவிட்டுப் பலகையை விரித்தார். வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் அடுக்கினார். ராஜா பக்கக் குதிரை இடத்தில் தைல டப்பாவை வைத்தார். நான் கைப்பையைத் திறந்து மரக் குதிரையை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மைனி அதை எடுத்து உடைந்த காதைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"வீடு மாத்தும்போது சாமானோட வந்துட்டு."

"ஒத்தக் குதிரை மட்டும்?"

"ஆமா."

"தானா நடந்து வந்திருக்கும்," என்றார். டப்பாவைத் திறந்து கொஞ்சம் தைலத்தை எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டு, மூடி, அலமாரியில் வைத்தார். குதிரையை அதன் கட்டத்தில் நிறுத்தினார். மீன் முள் சிக்கினவள் மாதிரி இருமிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஆட ஆரம்பித்தோம். சிப்பாய், குதிரை, குதிரை. நாலு குதிரைகளும் பார்த்துக்கொண்டு நின்றன. மைனி நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, காது உடைந்த அந்தக் குதிரையைத் தூக்கி என் நடுச் சிப்பாயை வெட்டினார். குதிரை தானம். எனக்கே.

"மாநிலத்துல உனக்கு எதிரா எவளாவது இத ஆடுவா. பழகிக்கோ," என்றார்.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டார்.

"அன்னைக்கு நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

"எப்போ?"

"நான் குதிரையைத் தொட்டப்ப."

"மேல காத்தாடியைப் பாத்துக்கிட்டு இருந்தேன் மைனி."

மைனி கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.

"அந்த ஹால்ல காத்தாடி ஏது ஜெனி? எல்லாத்தையும் கழட்டிட்டாங்கல்லா. நீ என் தம்பி சால்வையப் போத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு இருந்த."

பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் டென்சில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டார். நான் குனிந்து பலகையைப் பார்த்தேன்.

"தொட்டுட்ட," என்றார் மைனி.

ஆமாம். என் இரண்டு விரலும் காது உடைந்த குதிரையின் மேல் இருந்தன. எப்போது போயிற்று என்று தெரியவில்லை. எதிராளி காயைத் தொட்டால் வெட்டியாக வேண்டும்.

எடுத்துக்கொண்டேன்.